கிணற்றடித் தொட்டியில் பாசி

சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்வதற்காகக் கிணற்றடிக்குப் போன எங்கள் உம்மா அன்று திரும்பி நடந்து வரவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலே சீமெந்துத் தரையில் கால் சறுக்கி விழுந்தார். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது, "ஒண்டுமில்ல மகள், கால் சறுக்கிட்டு" என்றுதான் சொன்னார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி, சத்திரசிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை என்று காலம் போனது. அதன் பிறகு கைத்தடியில்லாமல் அவர் ஓரடியும் எடுத்து வைத்ததில்லை.

பார்க்க வந்தவர்களெல்லாம் "வயசு போனால் இப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம். ஆனால், அன்று பின்னேரம் வாளி எடுக்கப் போனபோது நானும் அதே இடத்திலே வழுக்கி, தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தப்பினேன். எனக்கு அப்போது வயது முப்பதுக்குள்தான். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழகொழப்பு தரையெங்கும் படர்ந்திருந்தது. தொட்டியின் உட்சுவரில் பச்சைப் பாசி விரலளவு மொத்தத்தில் தொங்கியது. உம்மாவை விழுத்தியது வயதல்ல, எங்கள் பராமுகமே என்பது அப்போதுதான் விளங்கியது.

அன்பான சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கும். கிணற்றடியிலே சீமெந்தால் கட்டியதாக இருக்கலாம். குளியலறைக்குள்ளே ஓடு பதித்ததாக இருக்கலாம். கூரைக்கு மேலே வைத்த பிளாஸ்டிக் தாங்கியாக இருக்கலாம். பெண் பிள்ளைகள் மறைவாக நீந்திக் குளிக்கட்டும் என்று உயர்ந்த மதிலுக்குள்ளே சிறியதொரு நீச்சல் தடாகத்தையே கட்டியிருப்போரும் இன்று நம்மிடையே உண்டு. எதுவாக இருந்தாலும் நீர் தேங்கும் இடத்திலே பாசியும் வழுக்கலும் தேடி வரும். அவற்றை எப்படி அகற்றுவது, அகற்றும்போது எந்தத் தவறுகளைச் செய்யக் கூடாது என்பவற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பாசி வேறு, வழுக்கல் வேறு

பாசி என்பது நீரில் வாழும் மிக நுண்ணிய தாவர வகை. மரஞ்செடிகளைப் போலவே அதற்கும் சூரிய வெளிச்சம் வேண்டும், உரமும் வேண்டும். வெளிச்சம் வானத்திலிருந்து கிடைக்கிறது. உரம் எங்கிருந்து கிடைக்கிறது? தொட்டிக்குள் விழும் இலை, காற்றோடு வரும் தூசி, காக்கை எச்சம், உடம்பு அழுக்கு ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. கிணற்று நீரிலேயே அது கரைந்து வருவதும் உண்டு. கற்பிட்டிக் குடாநாடு போன்ற மணற்பாங்கான இடங்களில், தோட்டங்களுக்குப் போடும் உரம் மழையோடு மண்ணுக்குள் இறங்கி, கிணற்று நீரில் நைத்திரேற்றின் அளவைக் கூட்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலசலகூடக் குழி கிணற்றுக்கு அண்மையில் இருந்தாலும் இதே நிலைதான். அத்தகைய நீரை வெயில் படும் தொட்டியில் நிரப்பினால் சில நாட்களிலேயே பச்சை பிடிப்பதில் வியப்பில்லை.

வழுக்கல் என்பது வேறு. அது பெரும்பாலும் பற்றீரியாக்களின் வேலை. சுவரிலோ தரையிலோ குழாயின் உட்புறத்திலோ அவை ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள்ளே குடியிருக்கின்றன. இதற்கு வெளிச்சம் தேவையில்லை. ஆகவேதான் இருட்டான குளியலறை மூலையிலும் வழுக்கல் உண்டாகிறது. இந்தப் பசை அவற்றுக்கு ஒரு கவசம். நீங்கள் எவ்வளவு குளோரின் போட்டாலும் அது மேற்பூச்சைத்தான் முதலில் தாக்கும். உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும்.

இந்த ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது போலத்தான். மருந்து பிறகு, தேய்ப்புத்தான் முதலில். தேய்க்காமல் தூளை மட்டும் கொட்டுபவர்கள் பணத்தையும் வீணாக்கி, பத்து நாளில் மீண்டும் பாசியையே காண்பார்கள்.

பாசி பிடித்த நீரில் வுழூக் கூடுமா?

இந்தக் கேள்வி பல சகோதரிகளுக்கு உண்டு. நீண்ட நாள் தேங்கி நின்றதாலோ, தானாக வளர்ந்த பாசியாலோ நீரின் நிறமும் வாடையும் மாறினாலும் அது சுத்தப்படுத்தும் தன்மையை இழப்பதில்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். எனவே வுழூச் செய்வதற்குத் தடையில்லை. ஆனால் வுழூவுக்குக் கூடும் நீரெல்லாம் குடிப்பதற்கும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கும் ஏற்ற நீர் என்று எண்ணிவிடக் கூடாது. முதலாவது தஹாரத் பற்றிய கேள்வி. இரண்டாவது ஆரோக்கியம் பற்றிய கேள்வி.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். நஜீஸ் விழுந்தும் நிறம், மணம், சுவை மாறாதிருந்தால் நீர் நஜீஸாகாது என்பது குல்லதைன் அளவுள்ள நீருக்கே உரிய சட்டம். இக்கால அளவையில் அது ஏறத்தாழ 200 லீற்றர் என்று கணிப்பார்கள். தொட்டியைக் கழுவுவதற்காக நீரை வடிய விடும்போது அந்த அளவிலும் குறைந்து விடுகிறது. அந்த நேரத்தில் காக்கை எச்சமோ சிறுபிள்ளையின் சிறுநீரோ பட்டால் மீதி நீரை வுழூவுக்கு எடுக்காதீர்கள். ஐயமிருந்தால் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத முட்டைகள்

வழுக்கி விழுவது ஓர் ஆபத்து. அதைவிட மௌனமான ஆபத்தும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுத் தொட்டியிலும் வாளியிலும் பூச்சாடியிலும் தேங்கியிருக்கும் ஓரளவு தெளிந்த நீரையே அது நாடுகிறது. முட்டைகளை அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. நீங்கள் நீரை வெறுமனே இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்பினால் முட்டைகள் சுவரிலேயே இருக்கும். தொட்டி காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு.

2017ஆம் ஆண்டு நமது நாட்டில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்துடன் பதிவானார்கள். நூற்றுக்கணக்கான உயிர்கள் பறிபோயின. அந்த ஆண்டை எந்தத் தாயும் எளிதில் மறந்திருக்க மாட்டாள். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் பிடிக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவை சுவரைத் தேய்த்துக் கழுவுபவர் பாசியை மட்டுமல்ல, நுளம்பையும் சேர்த்தே அழிக்கிறார்.

கழுவும் முறை

முதலில் நாளைத் திட்டமிடுங்கள். தொட்டி முட்ட நீர் இருக்கும் நாளில் கழுவ இறங்காதீர்கள். முந்திய இரண்டு நாட்களிலும் புதுநீர் நிரப்பாமல் இருப்பதைப் பாவித்து முடியுங்கள். எஞ்சிய பச்சை நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் ஊற்றுங்கள். நீர் வீணாகாது, மரத்துக்கும் நல்லது.

ஒரு சாண் அளவு நீர் இருக்கும்போது தேய்க்கத் தொடங்குங்கள். பாசி ஈரமாக இருக்கும்போதே தேய்க்க வேண்டும். காய விட்டால் அது பொருக்காகி, சீமெந்தோடு ஒட்டிக்கொள்ளும். உரமான நைலோன் புரூஷ் நல்லது. அது இல்லாவிட்டால் நமது மூத்தவர்கள் செய்தது போலப் பொச்சுமட்டையும் பரும்படி மணலும் போதும். கம்பிப் புரூஷ் வேண்டாம். அது சீமெந்திலே கீறல் உண்டாக்கும். அந்தக் கீறலிலேதான் அடுத்த பாசி வேர் பிடித்தது போலத் தங்கும். சவர்க்காரத் தூளும் வேண்டாம். அது பாசியைக் கொல்வதில்லை. தரையை இன்னும் வழுக்க வைக்கும்.

மேலிருந்து கீழாகத் தேயுங்கள். நாம் வழக்கமாக மறக்கும் இடங்கள் நான்கு: விளிம்பின் அடிப்பக்கம், நான்கு மூலைகள், நீர் விழும் குழாயின் வாய், நீர் வெளியேறும் துவாரம். வழுக்கலின் தாய்வீடு இவைதான். பிறகு அடியில் தங்கிய சேற்றை அள்ளி எடுத்து, பூமரங்களின் அடியில் போடுங்கள். கழுவிய நீர் கிணற்றுப் பக்கம் திரும்பி ஓடாதபடி வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை நல்ல நீரால் அலசி வடிய விடுங்கள்.

இந்த வேலைக்குப் பழைய உடுப்பு அணிந்து, துப்பட்டியின் தலைப்பை முடிந்துகொள்ளுங்கள். காலுக்குப் பிடிப்புள்ள றப்பர் செருப்பும் கைக்கு உறையும் அவசியம். கர்ப்பிணிகளும் வயது போனவர்களும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது.

குளோரின் இடும் அளவு

தேய்த்துக் கழுவிய பின்னரே குளோரின். நமது நாட்டில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்கு இடுவது ரீ.சீ.எல். எனப்படும் வெளிற்றும் தூள். புதியதாக இருந்தால் அதன் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. வெப்பமும் ஈரமும் பட்டால் அந்தச் சக்தி போய்விடும். கட்டிபட்டு, ஈரமாகி, மூக்கைத் தாக்கும் மணமில்லாதிருக்கும் பழைய தூள் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். கொஞ்சமாக வாங்கி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பாத்திரத்தில் நிழலான இடத்தில் வையுங்கள். தகரப் பேணியில் வைத்தால் கறள் பிடிக்கும்.

உங்கள் தொட்டி எத்தனை லீற்றர் என்று தெரியாவிட்டால் இப்படிக் கணியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 28ஆல் பெருக்குங்கள். 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரமான தொட்டி 36 கன அடி. அது சுமார் 1000 லீற்றர்.

கழுவிய 1000 லீற்றர் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்ய 160 கிராம் அளவு புதிய தூள் போதும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் முதலில் நீரை எடுத்து, அதன் பிறகே தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுத் தடியால் கலக்குங்கள். தூளின் மேல் நீரை ஊற்றாதீர்கள். அது சீறித் தெறிக்கும். சற்று நேரம் அடைய விட்டு, சுண்ணாம்பு கீழே தங்கியதும் மேலே உள்ள தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றி, தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். தொட்டியோடு இணைந்த குழாய்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடுங்கள். குழாய்க்குள்ளே இருக்கும் வழுக்கலுக்கும் மருந்து சேர வேண்டுமல்லவா?

அப்படியே ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். அந்நேரத்தில் எவரும் அந்நீரைத் தொடாதவாறு மூடி வையுங்கள். மறுநாள் முழுவதையும் வெளியேற்றி, நல்ல நீரால் அலசி, புதுநீர் நிரப்புங்கள். இந்தக் கடுமையான குளோரின் நீரை மரத்துக்கு ஊற்றக் கூடாது. கிணற்றிலோ குளத்திலோ மீன் வளரும் தொட்டியிலோ சேரவும் விடக் கூடாது. ஆறு மாதத்துக்கொரு தடவை இப்படிச் செய்தால் போதும். கிழமை தோறும் வெறும் தேய்ப்பே போதுமானது. குடிநீரை எப்போதும் போலக் கொதிக்க வைத்து ஆற்றியே குடியுங்கள்.

உயிருக்கே உலை வைக்கும் கலவை

சகோதரிகளே, இந்தப் பகுதியை இருமுறை வாசியுங்கள். வீட்டில் வேலைக்கு உதவும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உம்மா விழுந்த பிறகு எனக்கு ஒரு வேகம் பிறந்தது. குளியலறைத் தரையில் வெளிற்றும் தூளைத் தூவினேன். அது போதாதென்று, கக்கூஸ் கழுவும் அசிட்டையும் அதன் மேல் ஊற்றினேன். இரண்டு மருந்தும் சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்பது என் எண்ணம். மறுகணம் மஞ்சள் கலந்த புகை எழுந்தது. தொண்டை அடைத்து, கண் எரிந்து, மூச்சு எடுக்க முடியாமல் தவித்தேன். கதவு திறந்திருந்தது அல்லாஹ்வின் அருள். தவழ்ந்து வெளியே வந்தேன். இரண்டு நாட்கள் நெஞ்சு நோவோடு இருமிக்கொண்டிருந்தேன்.

அன்று என் குளியலறையில் எழுந்தது குளோரின் வாயு. 1915ஆம் ஆண்டு முதலாம் உலகப் போரிலே, பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் படைவீரர்களைக் கொல்வதற்குப் பாவித்த அதே வாயு. வெளிற்றும் தூளோடு அல்லது வெளிற்றும் திரவத்தோடு அசிட் சேர்ந்தால் அது உண்டாகும். கக்கூஸ் கழுவும் திரவங்கள் பலவற்றில் அசிட் இருக்கிறது. வினாகிரியும் தேசிப்புளியும் அசிட் வகைதான். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடு சேர்ந்தாலும் வேறொரு நச்சு வாயு உண்டாகும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் பாவியுங்கள். கதவு, யன்னல்களைத் திறந்து வையுங்கள். தவறுதலாகக் கலந்துவிட்டால் கழுவிச் சரிசெய்ய நிற்காதீர்கள். எல்லாரையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். மூச்சு முட்டினால் தாமதமின்றி வைத்தியரிடம் போங்கள்.

மயில்துத்தம் போட்டால் பாசி வராது என்று சிலர் சொல்வார்கள். பாசியை அது கொல்வது உண்மை. ஆனால் அது செம்பு சேர்ந்த நஞ்சு. கைக்கணக்கில் அள்ளிப் போட்டால் மீனும் சாகும், குடிப்பவருக்கும் வாந்தியும் வயிற்று நோவும் வரும். வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய், பெயின்ட், எண்ணெய் ஆகியவற்றின் பக்கத்தில் வெளிற்றும் தூளை வைப்பதும் ஆபத்து, தீப்பற்ற இடமுண்டு.

கூரைத் தாங்கியும் கிணறும்

கூரை மேல் வைக்கும் பிளாஸ்டிக் தாங்கி வாங்கும்போது வெளிச்சம் ஊடுருவாததாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே கையை விட்டால் வெளிச்சத்தில் நிழல் தெரியும் மெல்லிய தாங்கிக்குள் பாசி வளரும். வெளிச்சம் முற்றாகத் தடைப்பட்டால் பச்சைப் பாசிக்கு வாழ்வே இல்லை. ஏற்கனவே அப்படியொன்று இருந்தால் வெளிப்புறம் இருண்ட நிற வர்ணம் பூசலாம்; அல்லது நிழல் அமைக்கலாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். வீட்டிலேயே பெரிய பாத்திரம் அந்தத் தாங்கிதானே!

தாங்கிக்குள் இறங்கி வேலை செய்வதை ஆண்களிடம் விடுங்கள். அவர்களும் தனியாக இறங்கக் கூடாது. மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திய பின்பே இறங்க வேண்டும். மூடிய தாங்கிக்குள் இருந்துகொண்டு குளோரின் தூளைக் கரைக்கவே கூடாது.

கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது தனி வேலை. எண்ணெயில் ஓடும் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் அதன் புகையிலுள்ள நச்சு வாயு உள்ளேயே தேங்கும். மணமோ நிறமோ இல்லாத அந்த வாயுவினால் இறங்கியவர் மயங்க, காப்பாற்றப் போனவரும் மயங்கி, ஒரே வீட்டில் இரண்டு மூன்று ஜனாஸாக்கள் எடுத்த துயரங்கள் உண்டு. இயந்திரம் எப்போதும் வெளியே, தூரத்தில் இருக்க வேண்டும்.

கடலோர ஊர்களில் வாழும் சகோதரிகள் மேலும் ஒன்றைக் கவனியுங்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது கிழக்குக் கரையின் கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. உப்பு நீங்கட்டும் என்று அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். ஆனால் மணற்பாங்கான நிலத்தில் நன்னீர், உப்புநீரின் மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தபோது கீழிருந்த உப்புநீரே மேலே ஏறியது. ஆகவே, பாசி பிடித்துவிட்டது என்பதற்காகக் கடலோரக் கிணற்றை அடிவரை இறைக்காதீர்கள். உட்சுவரைத் தேய்த்து, மிதக்கும் குப்பையை அகற்றி, வலையால் மூடி, குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள்.

நீச்சல் தடாகம் உள்ள வீடுகளுக்கு

வீட்டுத் தடாகத்தின் நீரைக் கிழமைதோறும் மாற்ற முடியாது. 15 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள சிறிய தடாகத்திலேயே 17,000 லீற்றர் நீர் பிடிக்கும். எனவே அங்கே பாசியை வரவிடாமல் தடுப்பதே புத்தி. அதற்குக் குளோரின் ஒரு லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை எப்போதும் இருக்க வேண்டும். பீ.எச். எனப்படும் கார, அமிலத் தன்மை 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். பீ.எச். 8ஐ எட்டினால் நீரிலுள்ள குளோரினில் நான்கில் ஒரு பங்கு அளவே முழு வீரியத்தோடு வேலை செய்யும். "நிறையத் தூள் போட்டும் பச்சை போகவில்லை" என்று சொல்வோரின் தடாகத்தில் பெரும்பாலும் இந்தக் குறைதான். அளந்து பார்க்கும் சிறு பெட்டி கடைகளில் கிடைக்கும். அதில்லாமல் தடாகம் வைத்திருப்பது தராசில்லாமல் கடை நடத்துவது போன்றது.

பச்சை பிடித்துவிட்டதா? முதலில் இலை, குப்பைகளை வலையால் அள்ளுங்கள். பீ.எச்.ஐச் சரிசெய்யுங்கள். சுவரையும் படிகளையும் ஏணியின் பின்புறத்தையும் தேயுங்கள். பின்னர் லீற்றருக்கு 10 மில்லிகிராம் வரும்படி குளோரின் இடுங்கள். மேலே சொன்ன தடாகத்துக்கு, நீச்சல் தடாகங்களுக்கென்று விற்கும் 65 வீதக் குளோரின் தூளில் ஏறத்தாழ 260 கிராம் வேண்டும். இதை மஃரிபுக்குப் பின் இடுவது நல்லது. பகல் வெயில் குளோரினை அழித்துவிடும். வடிகட்டும் இயந்திரத்தை இரவும் பகலும் ஓடவிட்டு, இடையிடையே வடிகட்டியைக் கழுவுங்கள். இறந்த பாசி சாம்பல் நிறமாகி அடியில் தங்கும். அதை உறிஞ்சி வெளியேற்றுங்கள். பச்சை மீதியிருந்தால் மறுநாள் இரவும் இதையே செய்யுங்கள். அடித்தரை தெளிவாகத் தெரிந்து, குளோரின் 3 மில்லிகிராமுக்கு இறங்கிய பின்னரே பிள்ளைகளை இறக்குங்கள். கலங்கிய நீருக்குள் ஒரு பிள்ளை மூழ்கினால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. வெவ்வேறு வகைக் குளோரின் தூள்களையும் வில்லைகளையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். அவை வெடித்துத் தீப்பற்றலாம்.

பிள்ளைகளுக்கு ஓர் ஒழுக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இறங்கும் முன் உடம்பைக் கழுவி, மலசலம் கழித்துவிட்டு வருவது தடாகத்தின் பாதிச் சுத்தம். சிறுநீரும் வியர்வையும் குளோரினோடு சேரும்போதுதான் கண் எரிவும் அந்தக் காரமான மணமும் உண்டாகின்றன.

தரையை மறவாதீர்கள்

எல்லாம் சொல்லி, உம்மாவை விழுத்திய தரையைச் சொல்லாமல் விடலாமா? தொட்டியைவிடத் தரைதான் அடிக்கடி கவனிக்கப்பட வேண்டியது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுங்கள். நீர் தேங்கும் பள்ளம் இருந்தால் சீமெந்து பூசிச் சரிவாக்குங்கள். வழுவழுப்பான ஓட்டை விடச் சொரசொரப்பான தரை நல்லது. கிணற்றடிக்கு மேலே கவிந்து நிற்கும் கொப்பை வெட்டி வெயில் பட விடுங்கள். தொட்டிக்கு மூடியும் தரைக்கு வெயிலும் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வயதானவர்கள் வுழூச் செய்யும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய்க் கம்பியும், இருந்துகொள்ள ஒரு கல்லும், ஒரு மின்குமிழும் போடுங்கள். சுபஹு நேரம் இருட்டென்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சிறுபிள்ளை ஒன்று மூழ்குவதற்கு ஒரு சாண் நீர் போதும், சில நிமிடங்களே போதும், சத்தமும் கேட்காது. ஆகவே தொட்டிக்கு மூடி, கிணற்றுக்குக் கட்டு, தடாகத்துக்குப் பூட்டுள்ள வேலி இம்மூன்றையும் நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.

உம்மா கைத்தடியோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக் காலையிலும் நான் கிணற்றடியைத் தேய்க்கும்போது விறாந்தையில் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். "போதும் மகள், கை நோகும்" என்பார். ஒரு நாளும் "நீ முந்தியே செய்திருக்கலாமே" என்று கேட்டதில்லை. அவர் கேட்காத கேள்வி இன்றும் என் காதில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த இதழை மூடி வைத்ததும் உங்கள் கிணற்றடிக்குப் போங்கள். குனிந்து, தரையை ஒரு விரலால் தடவிப் பாருங்கள். கொழகொழப்பு இருந்தால், இன்ஷா அல்லாஹ், நாளை சுபஹுக்கு முன் அது அங்கே இருக்கக் கூடாது.